நிறம் சொல்லும் நீரின் கதை: மீன்தொட்டிச் சோதனைப் பெட்டிகளை எவ்வளவு நம்பலாம்?

மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் நோக்கிச் செல்லும் வீதியில், தீவின் வடகரையில் அமைந்துள்ள பேசாலை, கடலையே வயலாகக் கொண்ட ஊராகும். எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரையை அண்டும் என்பதை அங்கு சிறுவரும் அறிவர். அத்தகைய ஊரவருக்கு மீனைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டிய தேவை இல்லை. ஆயினும், கடலில் வாழும் மீனும் கண்ணாடித் தொட்டியில் வாழும் மீனும் ஒன்றல்ல. கடல் தன் கழிவைத் தானே கரைத்துக்கொள்ளும். ஐம்பது லீற்றர் நீர் கொண்ட தொட்டிக்கு அந்த வல்லமை கிடையாது. முன்கூடத்தில் வைக்கப்பட்ட தொட்டியில் கப்பியும் தங்கமீனும் ஒரே இரவில் மிதந்து கிடப்பதைக் கண்டு பிள்ளைகள் கலங்குவதும், "தண்ணீர் தெளிவாகத்தானே இருந்தது" என்று பெரியோர் வியப்பதும் மீன் வளர்க்கும் வீடுகளுக்குப் புதியவை அல்ல.

தெளிந்த நீர் யாவும் நல்ல நீர் அன்று என்பதை அறிந்தவர்கள் நாடுவது, மீன் வளர்ப்புப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் சிறிய நீர்ச் சோதனைப் பெட்டியையாகும். சோதனைக் குழாயில் ஐந்து மில்லிலீற்றர் நீர், அதில் சில துளி மருந்து, சில நிமிடக் காத்திருப்பு, பின்னர் நிற அட்டையோடு ஓர் ஒப்பீடு என்பதே அதன் முறை. கையில் பெட்டி இருக்கும்போது வீட்டுக் கிணற்று நீரையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்ற எண்ணம் தோன்றுவதும் இயல்பே. இங்குதான் வினா எழுகின்றது. அந்த நிறத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? எதற்கு நம்பலாம்? எதற்கு நம்பவே கூடாது? மீனின் உயிரோடு மட்டுமன்றி, சில வேளைகளில் வீட்டுக் குழந்தையின் நலத்தோடும் தொடர்புடையதாகையால் இவ்வினாவைச் சற்று விரிவாக நோக்குவோம்.

மணல் தீவின் நீர்

முதலில் தொட்டிக்கு ஊற்றப்படும் நீரை அறிய வேண்டும். மன்னார்த் தீவில் ஆறு இல்லை. மணலில் விழும் மழை கீழிறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய வில்லைபோல மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரைவிட இலேசானது என்பதே இதற்குக் காரணம். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை அது உவர்நீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் நெடுங்காலமாக அறியப்பட்ட கணக்கு. இதன் மறுபக்கம் அச்சம் தருவது. மேலே ஒரு சாண் நீர் குறைந்தால், கீழே உவர்நீர் பல மடங்கு மேலெழும்.

ஆகவே, வாடைக்கால மழைக்குப் பின்னர் இனிக்கும் கிணறு, சோளகம் வீசும் வறண்ட மாதங்களில் கரிப்பது இயற்கையே. ஒரே கிணறு, ஒரே வாளி. ஆனால் மார்கழியில் அள்ளிய நீரும் ஆவணியில் அள்ளிய நீரும் வேறுபட்டவை. ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துவிட்டு, "எங்கள் கிணற்று நீர் இப்படித்தான்" என்று முடிவு கட்டுவது முதலாவது தவறு.

இரண்டாவதாகக் கருத வேண்டியது சுண்ணாம்பு. புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணக் குடாநாடு வரை நீளும் வடமேல் கரையின் அடியில் சுண்ணாம்புக்கல் படிந்துள்ளது. சுண்ணாம்பையும் சிப்பித் துகளையும் தொட்டுவரும் நீர் கடினமாகவும் சற்றுக் காரத்தன்மையோடும் இருப்பது வழமை. இக்காரத்தன்மையே, பின்னர் நாம் காணப்போவதுபோல், சோதனைப் பெட்டி தரும் ஓர் எண்ணின் பொருளை முற்றாக மாற்றிவிடுகின்றது.

தொட்டிக்குள் நிகழ்வது

மீன் தன் செவுள்கள் வழியே அமோனியாவை வெளியேற்றுகின்றது. உண்ணாது மிஞ்சிய தீனும் அழுகி அமோனியாவாகின்றது. தொட்டியின் மணலிலும் வடிகட்டியிலும் குடியேறும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், இன்னொரு வகையினவை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது, அளவு மிகுந்தாலன்றி உடனடித் தீங்கு செய்யாது. புதிய தொட்டியில் இப்பற்றீரியாக்கள் பெருகி நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லக்கூடும். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கி விடுவோர் இழப்பைச் சந்திப்பது இந்த இடைக்காலத்திலேயே. சோதனைப் பெட்டியின் முதன்மைப் பயன் இக்காலத்தை நமக்குக் காட்டுவதுதான். அமோனியா ஏறி இறங்கி, நைத்திரைற்று ஏறி இறங்கி, நைத்திரேற்று மட்டும் மெல்ல ஏறுமாயின் தொட்டி பக்குவம் அடைந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். மீன் வளர்ப்பவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் துல்லியமான எண் அன்று; உண்டா இல்லையா என்பதும், ஏறுகின்றதா இறங்குகின்றதா என்பதுமே. அந்த அளவுக்கு இப்பெட்டிகள் நல்ல துணையே. ஆனால் ஒரே பெட்டியில் உள்ள எல்லாச் சோதனைகளும் ஒரே அளவில் நம்பத்தக்கவை அல்ல.

எது திடம், எது தளர்வு?

பெட்டியில் மிகவும் நம்பத்தக்கது கடினத்தன்மைச் சோதனை எனலாம். இங்கு நிறத்தின் சாயலை மதிப்பிட வேண்டியதில்லை. ஒவ்வொரு துளியாக மருந்தை விட்டு, நிறம் சட்டென மாறும் துளியை எண்ணினால் போதும். பல பெட்டிகளில் ஒரு துளி என்பது ஒரு ஜேர்மன் பாகை. அதாவது லீற்றருக்கு ஏறத்தாழ 17.8 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்கு ஈடானது. பன்னிரண்டு துளி சென்றால் ஏறத்தாழ 214 மில்லிகிராம். இன்னும் நுணுக்கம் வேண்டுமாயின் நீரின் அளவை இரட்டித்து, துளியின் எண்ணிக்கையைப் பாதியாக்கிக்கொள்ளலாம். போத்தலைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும் என்பதே இதிலுள்ள ஒரே நிபந்தனை. சாய்த்துப் பிடித்தால் துளியின் பருமன் மாறும்; அதனோடு கணக்கும் மாறும்.

அடுத்தது நைத்திரைற்று. பீற்றர் கிரீஸ் என்ற வேதியியலாளர் 19ஆம் நூற்றாண்டில் கண்டறிந்த தாக்கமே இன்றும் இச்சோதனையின் அடிப்படை. மிகச் சிறிய அளவு நைத்திரைற்றுக்கும் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். எனவே இதில் நிறம் தோன்றவில்லையென்றால் அதனைப் பெரும்பாலும் நம்பலாம். ஆனால் பேசாலை போன்ற கரையோர ஊருக்கு ஒரு குறிப்பு உண்டு. நீரிலுள்ள குளோரைட்டு, மீனின் செவுள் வழியே நைத்திரைற்று உட்புகுவதைத் தடுக்கின்றது. ஆகவே சற்று உவர்ப்பான கிணற்று நீரில் மீனைக் கொல்லாத நைத்திரைற்று அளவு, மழைநீரில் அதே மீனைக் கொல்லக்கூடும். நிறம் ஒன்றேயாயினும் ஆபத்து வெவ்வேறு.

மூன்றாவது பீ.எச். சோதனை. இதில் ஒரு பொறி மறைந்துள்ளது. நன்னீர்த் தொட்டிகளுக்கென விற்கப்படும் பல பெட்டிகளில் உள்ள சாயம் புரோமோதைமோல் நீலம். அது 6.0 இல் மஞ்சளாகவும் 7.6 இல் நீலமாகவும் இருக்கும். அதற்கு மேல் எத்தனை உயர்ந்தாலும் அதே நீலந்தான். சுண்ணாம்பு நீரின் பீ.எச். 8.2 ஆக இருந்தாலும் அட்டை 7.6 என்றே காட்டும். வீட்டுக்காரரும் 7.6 என்றே குறித்து வைப்பார். நிற அட்டையின் கடைசிக் கட்டம் ஓர் அளவு அன்று. "இதற்கு மேல் எனக்குத் தெரியாது" என்று பெட்டி செய்யும் ஒப்புதல் அது. கரையோரக் கிணற்று நீரை ஆள்பவர்கள் உயர்வீச்சுக்கான தனிச் சோதனையையே நாட வேண்டும். மேலும், கிணற்றிலிருந்து அப்போதே அள்ளிய நீரில் காபனீரொட்சைட்டு மிகுந்திருப்பதால் பீ.எச். தாழ்வாகத் தோன்றலாம். ஒரு நாள் வாளியில் வைத்திருந்து, காற்றோட்டம் கொடுத்த பின் பார்ப்பதே மீனுக்குப் பொருந்தும் அளவைத் தரும்.

நான்காவது அமோனியா. பெட்டி காட்டுவது மொத்த அமோனியாவை. அதில் மீனைக் கொல்லும் பகுதி, ஏற்றமற்ற அமோனியா மட்டுமே. அதன் விகிதம் பீ.எச். பெறுமானத்தையும் வெப்பத்தையும் பொறுத்தது. 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரில், பெட்டி லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் என்று காட்டுகின்றதெனக் கொள்வோம். பீ.எச். 7 ஆயின் நஞ்சான பகுதி ஏறத்தாழ 0.008 மில்லிகிராம், 8 ஆயின் 0.075, 8.5 ஆயின் 0.2. மெல்லிய மீன்களுக்கு 0.05 என்ற அளவே செவுளைப் புண்ணாக்கப் போதுமானது எனக் கருதப்படுகின்றது. ஆக, பெட்டியின் பச்சை நிறம் மாறவில்லை. ஆயினும் மலைநாட்டு ஓடை நீரில் அது எச்சரிக்கை, கரையோரச் சுண்ணாம்பு நீரில் அது மரணம். முன்னர் கூறிய பீ.எச். பொறியில் விழுந்தவர் இக்கணக்கிலும் தவறுவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மன்னாரின் வெப்பமும் கிணற்றின் காரத்தன்மையும் சேரும் இடத்தில், அமோனியாச் சோதனையில் சிறு நிறம் தென்பட்டாலும் நீரின் ஒரு பகுதியை உடனே மாற்றுவதே அறிவுடைமை.

கடைசியாக வருவது நைத்திரேற்று. பெட்டியில் மிகவும் தளர்வானது இதுவே. நைத்திரேற்றுக்கு நேரடியாக நிறம் தரும் எளிய சாயம் பெட்டியில் இல்லை. முதலில் நாகத் துகள் போன்ற ஒன்றைக் கொண்டு அதனை நைத்திரைற்றாக மாற்றி, பின்னரே நிறம் ஏற்றுகின்றார்கள். அந்தத் துகள் போத்தலின் அடியில் படிந்து இறுகிவிடும். நன்கு குலுக்காமல் துளியை விட்டால் மாற்றம் அரைகுறையாகவே நிகழும். உண்மையில் 80 இருக்குமிடத்தில் அட்டை 10 என்று காட்டும். பெட்டியின் அறிவுறுத்தலில் "அரை நிமிடம் பலமாகக் குலுக்குக" என்று எழுதப்பட்டிருப்பது அலங்காரத்துக்கு அல்ல. இன்னொன்று, தொட்டியில் ஏற்கெனவே நைத்திரைற்று இருந்தால் அதுவும் நைத்திரேற்றுக் கணக்கில் சேர்ந்து அளவைக் கூட்டிக் காட்டும். புதிய தொட்டியில் நைத்திரேற்று மிகுந்திருப்பதாகக் கண்டு மகிழ்வோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

கீற்றுக் கடதாசிகளும் கடற்காற்றும்

நீரில் ஒருகணம் தோய்த்து எடுக்கும் கீற்றுக் கடதாசிகள் எளியவை; ஆறு அளவுகளை ஒரு நிமிடத்தில் காட்டுபவை. ஆனால் திரவச் சோதனையை விட அவை பருமட்டானவை. அத்துடன் ஈரப்பதன் அவற்றின் பகைவன். உப்பு ஈரம் கலந்த காற்று எந்நேரமும் வீசும் கரையோர வீட்டில், மூடி சரியாக இறுகாத குப்பியிலுள்ள கீற்றுகள் காலாவதித் திகதிக்கு நெடுநாள் முன்னரே கெட்டுவிடும். ஈரக் கையால் ஒரு கீற்றை எடுத்தால் எஞ்சியவை அனைத்தும் பாதிக்கப்படும். நிறக் கட்டங்கள் தோய்க்கும் முன்னரே மங்கியோ மாறியோ இருந்தால் அக்குப்பியை வீசிவிடுவதே நன்று.

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போருக்கு வேறொரு சிக்கல் உண்டு. சில பழைய அமோனியாச் சோதனைகளில் நெஸ்லர் மருந்து பயன்படுகின்றது. கடல்நீரிலுள்ள மகனீசியமும் கல்சியமும் அதனோடு சேர்ந்து கலங்கலை உண்டாக்குவதால் மஞ்சள் நிறத்தைச் சரியாக மதிப்பிட இயலாது. குளோரின் நீக்கும் சில மருந்துகளும் அதனைக் குழப்பிவிடும். பச்சை நிறம் தரும் சலிசிலேற்று முறையே கடல்நீருக்கும் ஏற்றது. நெஸ்லர் மருந்தில் இரசம் உண்டு என்பதையும் மறத்தலாகாது. சோதித்த நீரைத் தொட்டியில் திரும்ப ஊற்றுவதோ கிணற்றடியில் கொட்டுவதோ பெருந்தவறு. மணல் நிலத்தில் கிணற்றடியில் கொட்டியது கிணற்றுக்குள் செல்ல நெடுநேரம் ஆகாது.

கண்ணும் கையும்

மருந்து சரியாக இருந்தாலும் மனிதர் தவறலாம். மஞ்சள் மின்குமிழின் ஒளியில் பச்சை ஒரு நிறம்; பகலொளியில் அது வேறு நிறம். சோதனைக் குழாயை அட்டையோடு ஒட்டவைத்துப் பார்ப்பதற்கும் தள்ளிப் பிடித்துப் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இடர்ப்படும் பார்வை ஆண்களிடையே அரிதன்று. அத்தகையோர் வீட்டிலுள்ள இன்னொருவரைக் கொண்டு நிறத்தைப் பார்ப்பிக்க வேண்டும். காலமும் முக்கியம். ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடந்தான். இரண்டு நிமிடத்தில் பார்த்தால் அளவு குறையும், அரை மணி கழித்துப் பார்த்தால் மிகும்.

காலத்தின் அருமையை உணர்த்த, மீன்தொட்டியைக் கடந்து பெரியதோர் அனுபவத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். பங்களாதேஷில் குழாய்க் கிணறுகளில் ஆசனிக் நஞ்சு கலந்திருப்பது வெளிப்பட்டபின், பெருந்தொகையான கிணறுகள் கைப்பெட்டிகளைக் கொண்டே சோதிக்கப்பட்டன. நஞ்சுடைய கிணற்றுக்குச் சிவப்பும் நல்ல கிணற்றுக்குப் பச்சையும் பூசப்பட்டன. 2002இல் வெளியான ஓர் ஆய்வு, 290 கிணறுகளின் நீரைக் கைப்பெட்டிகளாலும் ஆய்வுகூடக் கருவியாலும் ஒப்பிட்டது. நஞ்சுள்ள நீரை நல்லதென்று காட்டிய தவறு 68 வீதம் வரையும், நல்ல நீரை நஞ்சென்று காட்டிய தவறு 35 வீதம் வரையும் இருந்தன. கைப்பெட்டிகளே வேண்டாம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் 2005இல் வெளியான இன்னோர் ஆய்வு, ஆராய்ஹசார் பகுதியின் 799 கிணறுகளில், பரவலாகப் புழங்கிய ஒரு பெட்டி 88 வீதமான கிணறுகளைச் சரியாகவே வகைப்படுத்தியிருந்ததைக் காட்டியது. எஞ்சிய தவறுகளில் பெரும்பாலானவை எல்லைக்கோட்டை அண்டிய கிணறுகளில் அளவு குறைவாகக் காட்டப்பட்டவையே. காத்திருக்கும் நேரத்தை 20 நிமிடத்திலிருந்து 40 நிமிடமாகக் கூட்டினால் அவற்றைத் தவிர்க்கலாம் என்றும் அவ்வாய்வு கண்டது.

இவ்விரு ஆய்வுகளிலிருந்தும் நாம் பெறும் பாடம் தெளிவானது. கைப்பெட்டி மிக நல்ல நீரையும் மிகக் கெட்ட நீரையும் பெரும்பாலும் சரியாகவே இனங்காட்டும். நடுவில், எல்லைக்கோட்டை ஒட்டிய இடத்தில்தான் அது தடுமாறும். அந்த இடத்தில்தான் பொறுமையும் இரண்டாவது சோதனையும் தேவைப்படுகின்றன.

பெட்டியையே சோதித்தல்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு. நீரைச் சோதிக்கும் பெட்டியையும் தீர விசாரிக்க வழியுண்டு. அதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை.

முதலாவது வெற்றுச் சோதனை. வாகனப் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை (அமிலத்தை அல்ல) சோதித்துப் பார்த்தால் அமோனியாவும் நைத்திரேற்றும் பூச்சியம் என்றே வரவேண்டும். நிறம் தோன்றினால் மருந்து கெட்டிருக்கலாம் அல்லது குழாய் கழுவப்படாதிருக்கலாம்.

இரண்டாவது, அறிந்த அளவைக் கொண்டு சோதித்தல். இதற்கு ஊர்ப் பாடசாலையின் வேதியியல் ஆய்வுகூடம் துணைபுரியும். 1.63 கிராம் பொற்றாசியம் நைத்திரேற்றை ஒரு லீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் அதில் 1000 மில்லிகிராம் நைத்திரேற்று இருக்கும். அதில் 20 மில்லிலீற்றரை எடுத்து மீண்டும் ஒரு லீற்றராக நிரப்பினால் அது 20. 50 மில்லிலீற்றரை எடுத்தால் 50. இந்நீரைப் பெட்டி எவ்வாறு காட்டுகின்றது என்பதைப் பார்த்துவிட்டால், அதன் குணம் வெளிப்பட்டுவிடும். உயர்தர வகுப்பு மாணவருக்கு இதைவிடப் பயனுள்ள செய்முறைப் பயிற்சி வேறென்ன இருக்க முடியும்?

மூன்றாவது ஐதாக்கல். நிறம் அட்டையின் கடைசிக் கட்டங்களுக்குச் சென்றால் செம்மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையே வேறுபாடு காண்பது அரிது. அப்போது ஒரு பங்கு நீரோடு நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீரைக் கலந்து சோதித்து, வரும் எண்ணை ஐந்தால் பெருக்கலாம். அட்டையின் நடுப்பகுதியிலேயே கண் நன்கு வேறுபாடு காணும்.

நான்காவது குறிப்பேடு. பெட்டியைத் திறந்த திகதியைப் போத்தலின் மேல் எழுதிவைத்தல் வேண்டும். ஒவ்வொரு சோதனையையும் திகதியோடு குறித்து வைத்தால், ஓர் எண் பிழைத்தாலும் எண்களின் வரிசை உண்மையைச் சொல்லிவிடும். நேற்றுவரை பூச்சியமாக இருந்த அமோனியா இன்று திடீரென உயர்ந்தால், மருந்தை அள்ளி ஊற்றுமுன் அதே சோதனையை இன்னொருமுறை செய்து பார்ப்பது பயன்தரும். தவறான அச்சத்தால் நீர் முழுவதையும் ஒரே நாளில் மாற்றி மீனைக் கொல்வோரும் உளர்.

இலத்திரனியல் கருவிகள் வாங்கிவிட்டால் இத்தொல்லைகள் தீரும் என்று எண்ணுவதும் முழுமையான உண்மையன்று. பீ.எச். அளக்கும் பேனாக் கருவியை, பெறுமானம் அறிந்த கரைசல்களில் அடிக்கடி சரிபார்க்காவிடின் அது நிற அட்டையை விடவும் துணிவாகப் பொய் சொல்லும். தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள் தெரிவது துல்லியத்துக்குச் சான்றாகாது. ஆயினும், உவர்ப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் பேனா, கரையோரக் கிணறுடையோருக்குப் பயனுள்ளதே. சோதனைப் பெட்டிகளில் பெரும்பாலானவை உப்பை அளப்பதே இல்லை என்பதை இங்கு நினைவூட்டுகின்றோம்.

கிணற்று நீருக்கு இது சான்றிதழ் அன்று

இனி, நம் கவனத்துக்குரிய முதன்மையான இடத்துக்கு வருவோம். மீனுக்கென்று வாங்கிய பெட்டியால் குடிநீர்க் கிணற்றைச் சோதித்து, "நல்ல நீர்" என்று தீர்ப்பு வழங்கலாமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பது பல பத்தாண்டுகளாக ஆய்வாளரால் எடுத்துக்காட்டப்பட்டு வந்துள்ளது. உரமும் மலக்குழிகளின் கசிவும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. நீரை எளிதில் உட்புகவிடும் மணல் நிலத்திலும், கிணற்றுக்கு அண்மையில் மலக்குழி இருந்தால் இதே ஆபத்து உண்டு. நைத்திரேற்று மிகுந்த கிணற்று நீரில் பால்மா கரைத்து ஊட்டப்பட்ட கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாரிப்பதை அமெரிக்காவின் அயோவா மாநில மருத்துவர் கொம்லி 1945இல் மருத்துவ உலகுக்கு அறிவித்தார். குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழப்பதே அந்நோய். இத்தகைய நீரைக் கொதிக்கவைத்தால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்துள்ள வழிகாட்டல் அளவு, லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. இலங்கையின் குடிநீர் நியமமான எஸ்.எல்.எஸ். 614 கொண்டுள்ள எல்லையும் அதுவே. இப்போது பெட்டியின் அட்டையை எடுத்துப் பாருங்கள். பல அட்டைகளில் 20, 40, 80, 160 என்றே கட்டங்கள் உள்ளன. குழந்தைக்கு ஆகுமா ஆகாதா என்று தீர்மானிக்கும் 50 என்ற எல்லை, ஏறத்தாழ ஒரேபோலத் தோன்றும் இரு சிவப்புகளுக்கு நடுவே விழுந்து கிடக்கின்றது. மீனுக்கு 40உம் 60உம் பெரிதாக வேறுபடுவதில்லை; பெட்டியும் மீனுக்காகவே செய்யப்பட்டது. குற்றம் பெட்டியினுடையது அன்று. அதனிடம் கேட்கப்படாத கேள்விக்கு விடை தேடியவருடையதே.

அலகிலும் ஒரு குழி உண்டு. சில பெட்டிகள் நைத்திரேற்றை முழுமையாகக் கணக்கிடும். சில அதிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிடும். இரண்டுக்கும் இடையே 4.43 மடங்கு வேறுபாடு. 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது 11.3 மில்லிகிராம் நைத்திரேற்று நைதரசன். நைதரசனைக் கணக்கிடும் பெட்டியில் 20 என்று கண்டு, "50 இலும் குறைவுதானே" என்று நிம்மதி அடைபவர், உண்மையில் ஏறத்தாழ 89 மில்லிகிராம் கொண்ட நீரைப் பருகுகின்றார்.

அனைத்துக்கும் மேலாக, குடிநீரின் முதல் எதிரி மலக் கிருமி. அதனை மீன்தொட்டிப் பெட்டி எதுவும் காட்டுவதில்லை. இந்தியாவின் குவாலியரில் 1982இல் உருவாக்கப்பட்ட, நீர் கறுத்தால் மாசு உண்டென ஐயுறச் செய்யும் எளிய போத்தல் சோதனை அதற்கென அமைந்த வேறொரு முறை. அதுவும் முதற்கட்ட எச்சரிக்கையே. இயற்கையாகவே கந்தகச் சேர்வைகள் கொண்ட நிலத்தடி நீரில் அது வீணாகவும் கறுக்கலாம். எண்ணெய், பூச்சிநாசினி, பார உலோகம் ஆகியனவும் மீன்பெட்டியின் கண்ணுக்குப் புலப்படாதவை. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றதை வடபகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். நீரைப் பற்றிய ஐயம் எழும்போது, சோதிப்பவர் யார், எதைச் சோதித்தார், எவ்வாறு சோதித்தார் என்ற கேள்விகள் எத்துணை முக்கியமானவை என்பதை அது உணர்த்திற்று.

ஆகவே, குடிநீர் பற்றிய ஐயம் தோன்றினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையையோ, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையையோ அணுகி, முறைப்படி எடுத்த மாதிரியை ஆய்வுகூடத்தில் சோதிக்கச் செய்வதே தக்க வழி. மீன்பெட்டியில் நைத்திரேற்றுக்கு ஆழ்ந்த சிவப்பு தோன்றினால் அதனை அலட்சியம் செய்யாது, ஆய்வுகூடத்தை நாடுவதற்கான மணியோசையாகக் கொள்ளலாம். ஆனால் நிறம் தோன்றாததை நலத்தின் உறுதிமொழியாகக் கொள்ளவே கூடாது.

நாம் வேண்டுவது

இவ்விடயத்தில் மூன்று தரப்பினருக்கும் பொறுப்பு உண்டு. பெட்டியை விற்போர் காலாவதித் திகதியை வாங்குவோருக்குக் காட்டவும், கரையோர நீருக்கு உயர்வீச்சுப் பீ.எச். சோதனை வேண்டும் என்பதை எடுத்துரைக்கவும் வேண்டும். பாடசாலைகள், அறிந்த அளவுக் கரைசல் ஒன்றைத் தயாரித்து வைத்து, ஊரிலுள்ள பெட்டிகளை ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒப்பிட்டுப் பார்க்க மாணவரை ஊக்குவிக்கலாம். சுகாதாரத் துறையினர், மழைக்குப் பின் ஒருமுறையும் வறட்சியின் உச்சத்தில் ஒருமுறையும் தீவின் கிணறுகளைச் சோதித்து, முடிவை மக்கள் விளங்கிக்கொள்ளும் மொழியில் அறிவிக்க முன்வருதல் வேண்டும்.

கடலோடும் மக்களுக்குக் கருவியின் மதிப்பும் தெரியும், அதன் எல்லையும் தெரியும். திசையறி கருவி கையில் இருந்தாலும் நீரோட்டத்தையும் காற்றையும் பார்த்தே சுக்கான் பிடிப்பவர்கள் அவர்கள். கண்ணாடித் தொட்டியின் முன் நிற்கும்போதும் அதே விழிப்பு வேண்டும். பெட்டி நிறத்தை மட்டுமே தரும். அந்த நிறத்துக்குப் பொருள் காண்பது அதனைக் கையில் ஏந்தியவரின் கடமையாகும்.